எக்செல்லில் மொத்தம் மாறாமல் நிற்கிறதா? நெல் ஆலைக் கணக்கு மேசையிலிருந்து

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வீடு களுவாஞ்சிகுடியில், கல்முனையில் பஸ் மாறித்தான் போக வேண்டும். பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் தை கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் ஆலை வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகளும் லொறிகளும் வரிசையில் நிற்கும். தராசில் ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் எக்செல்லில் ஒரு நிரை. விவசாயியின் இலக்கம், திகதி, கிலோ, ஈரப்பதன், கழித்த கிலோ, கொடுக்க வேண்டிய தொகை என்று ஆறு நிரல்கள். (பள்ளிக்கூடத்தில் படித்த சொற்களையே இங்கே எழுதுகிறேன். கிடையாகப் போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல், ஒரு பெட்டி என்பது கலம். சூத்திரம் என்றால் ஃபோர்முலா, சார்பு என்றால் ஃபங்ஷன். அவற்றின் பெயர்களை இங்கே தமிழில் எழுதினாலும் எக்செல்லில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாலை, மல்வத்தைப் பக்கத்து வயதானவர் ஒருவர், நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் கணக்குத் துண்டைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். “புள்ள, நான் மூணு தரம் ஏத்திக்கொண்டு வந்த. இதில ரெண்டுதானே கிடக்கு” என்றார். திரையைப் பார்த்தேன். மூன்று நிரைகளும் இருந்தன. அவருடைய மொத்தம் மட்டும் இரண்டு வண்டிக்குரியதாக நின்றது. பிழை என்று எக்செல் ஒரு குறியும் காட்டவில்லை. அவர் துண்டைப் பார்க்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தால் ஒரு வண்டி நெல்லின் காசு அவர் கைக்குப் போயிராது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். சூத்திரம் பிழைத்துப்போகும் வழிகள் பல இருந்தாலும் அவை நாலு வகைக்குள் வந்துவிடும். எக்செல் கணக்கே பார்க்காமல் இருக்கலாம். கணக்குப் பார்த்தும், நாம் எண் என்று நினைப்பது அதற்கு எழுத்தாகத் தெரியலாம். எண் சரியாக இருந்தும் சூத்திரம் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அல்லது அந்தக் கலத்தில் சூத்திரமே இல்லாமல் போயிருக்கலாம். எது என்று தெரியாமல் கையை வைத்தால் சரியாக இருந்ததும் கெட்டுவிடும். ஆகவே முதலில் கண்டுபிடிப்பது, அப்புறம்தான் திருத்துவது.

ஓர் எண்ணைத் தட்டிப் பாருங்கள்

கோப்பின் ஒரு பிரதியை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு சந்தேகப்படும் நிரலில் ஏதாவது ஒரு கிலோவை அழித்துவிட்டு 1000000 என்று எழுதி என்டர் தட்டுங்கள். மொத்தத்தைப் பாருங்கள்.

மொத்தம் அசையவே இல்லையா? விசைப்பலகையின் மேல் வரிசையிலுள்ள எஃப்9 விசையைத் தட்டுங்கள். உடனே மாறினால் எக்செல் கணக்குப் பார்ப்பதை நிறுத்தி வைத்திருந்தது என்று பொருள். எஃப்9 தட்டியும் மாறாவிட்டால் சூத்திரம் அந்தக் கலத்தைப் பார்க்கவில்லை, அல்லது மொத்தம் இருக்கும் கலத்தில் சூத்திரமே இல்லை, அல்லது நீங்கள் எழுதிய எண்கூட எழுத்தாகப் பதிந்திருக்கிறது. எண் எழுதியதும் மொத்தம் ஒழுங்காக மாறி, ஆனால் பழைய கணக்கு மட்டும் குறைவாக இருந்தால், அந்த நிரலில் வேறு எங்கோ எழுத்தாகிப்போன எண்கள் கிடக்கின்றன. பார்த்து முடிந்ததும் கன்ட்ரோல்+இசட் தட்டி அந்தப் பத்து லட்சத்தை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கணக்குப் பார்ப்பதே நின்றுபோனால்

மல்வத்தை ஐயாவின் துண்டில் நடந்தது இதுதான். எக்செல்லில் ஃபோர்முலாஸ் என்ற தாவலில் கல்குலேஷன் ஒப்ஷன்ஸ் இருக்கிறது. அதில் ஒட்டோமெட்டிக், மேனுவல் என்று தெரிவுகள். மேனுவலில் இருந்தால் நீங்கள் எஃப்9 தட்டும் வரை பழைய விடைதான் நிற்கும். திரையின் கீழ்ப் பட்டையில் இடது பக்கம் ‘கல்குலேட்’ என்று ஒரு சொல் சின்னதாகத் தெரியும். வண்டிகள் வரிசையில் நிற்கும்போது அதை யார் பார்ப்பது?

நான் அந்தத் தெரிவைத் தொட்டதே இல்லை. பிறகு எப்படி மாறியது? இந்தத் தெரிவு ஒரு கோப்புக்கு மட்டும் உரியது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது எக்செல் முழுவதற்கும் உரியது. காலையில் முதலாவதாகத் திறக்கும் கோப்பு எந்த நிலையில் சேமிக்கப்பட்டிருந்ததோ, அதே நிலையைத்தான் அதன் பிறகு திறக்கும் கோப்புகளுக்கும் எக்செல் வைத்துக்கொள்ளும். அன்று காலை வெளியிலிருந்து வந்த பெரிய கோப்பு ஒன்றை முதலில் திறந்திருந்தேன். பல்லாயிரம் நிரைகள் கொண்ட கோப்பு என்பதால், ஒவ்வொரு எண்ணுக்கும் காத்திருக்காமல் இருக்க அதைத் தயாரித்தவர் மேனுவலில் வைத்திருந்தார். அதன் பிறகு என் நெல் கோப்பைத் திறந்தேன், அதுவும் மேனுவலானது. மாலையில் சேமித்தபோது அந்த நிலை என் கோப்போடும் ஒட்டிக்கொண்டது. அடுத்த நாள் அதையே முதலில் திறந்தால் மறுபடியும் மேனுவல்.

திருத்துவது சுலபம். ஒட்டோமெட்டிக் என்று மாற்றி, கோப்பைச் சேமியுங்கள். சேமிக்காவிட்டால் நாளைக்கும் இதே கதைதான். அதன் பிறகும் சில கலங்கள் பழைய விடையையே காட்டினால் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்9. மாறியது, மாறாதது என்று பார்க்காமல் திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளிலும் எல்லாச் சூத்திரங்களையும் புதிதாகக் கணக்கிட வைக்கும். மடிக்கணினிகளில் எஃப்9 உடன் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டி வரலாம்.

இதோடு இன்னொன்று. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்த கோப்பைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வந்தால், எனேபிள் எடிட்டிங் கொடுக்கும் வரை எக்செல் அதில் புதிதாக எதையும் கணக்கிடாது. அனுப்பியவரை உங்களுக்குத் தெரியும் என்றால் மட்டும் கொடுங்கள்.

எண் போலத் தெரியும் எழுத்து

எனக்கு அதிக நாள் பறித்தது இந்த வகைதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தராசுக் கணினியிலிருந்து எடுக்கும் பட்டியலிலும், தராசடித் தம்பி போனில் அனுப்பும் செய்தியிலிருந்து வெட்டி ஒட்டும் எடைகளிலும் எண்ணோடு வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். முன்னே ஒற்றை மேற்கோள், பின்னே ஓர் இடைவெளி, சில வேளை ‘கிலோ’ என்ற சொல்லே. கண்ணுக்கு 1250, எக்செல்லுக்கு அது ஒரு சொல்.

இதில் ஏமாறும் இடம் எது தெரியுமா? சம் சார்பு ஒரு நிரலைக் கூட்டும்போது எழுத்தாக இருப்பதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆனால் ஒட்டியிருப்பது மேற்கோளோ சாதாரண இடைவெளியோ மட்டும் என்றால், பெருக்கல் குறியும் கூட்டல் குறியும் அதே எழுத்தை எண்ணாக மாற்றி எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு நிரைக்குள் கிலோவை விலையால் பெருக்கினால் தொகை சரியாக வரும். விவசாயிக்குரிய காசு சரி, காசின் மொத்தமும் சரி. கிலோவின் மொத்தம் மட்டும் குறையும். களஞ்சியத்தில் நெல் கூடுதலாகக் கிடக்கிறது, கணக்கில் இல்லை. முதலாளியும் நானும் இரண்டு நாள் மூட்டைகளை எண்ணினோம். பிழை மூட்டையில் இல்லை, கிலோ நிரலில் பதினொரு கலங்களில் இருந்தது.

கண்டுபிடிக்க முதல் வழி, நிரலைத் தெரிவுசெய்து இடது, நடு, வலது ஒழுங்கமைப்பை எல்லாம் எடுத்துவிடுவது. எண்கள் தாமாக வலது பக்கம் ஒதுங்கும், எழுத்து இடது பக்கம் நிற்கும். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்தால் இந்த அடையாளம் மறைந்துவிடும். அதனால் எண் நிரலை நடுவில் வைக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். கலத்தின் மேல் இடது மூலையில் பச்சை முக்கோணம் தெரிந்தாலும் கவனியுங்கள். சந்தேகம் தீராவிட்டால் பக்கத்து வெற்றுக் கலத்தில் =இஸ்நம்பர்(சி5) என்று கேளுங்கள். ஃபால்ஸ் என்று வந்தால் அது எழுத்து.

திருத்தும்போது முதலில் நிரலின் வடிவத்தை ஜெனரல் ஆக்குங்கள். பிறகு டேட்டா தாவலில் டெக்ஸ்ட் டு கொலம்ஸ் எடுத்து, ஒன்றும் மாற்றாமல் ஃபினிஷ் கொடுங்கள். மேற்கோளாலும் வடிவத்தாலும் எழுத்தானவை எண்ணாகிவிடும். அதற்கும் மசியாதவை இருந்தால் அவற்றில் இணையப் பக்கங்களிலிருந்து வரும் ஒரு வகை இடைவெளி ஒட்டியிருக்கலாம். அதன் குறி எண் 160. நாம் விசைப்பலகையில் தட்டும் இடைவெளியின் எண் 32. டிரிம் சார்பு 32ஐ நீக்கும், 160ஐத் தொடாது. அந்தக் கலத்தின் உள்ளே போய் அந்த இடைவெளியை மட்டும் பிரதி எடுத்து, கன்ட்ரோல்+எச் பெட்டியில் தேடும் இடத்தில் ஒட்டி, மாற்றும் இடத்தை வெறுமையாக விட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

கலத்தில் விடை வராமல் =சம்(...) என்று சூத்திரமே அப்படியே தெரிந்தால், அந்தக் கலம் டெக்ஸ்ட் வடிவத்தில் இருக்கிறது. ஜெனரல் ஆக்கி, எஃப்2 தட்டி, என்டர். தாள் முழுக்க எல்லாம் சூத்திரமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். யாரோ தவறுதலாகக் கன்ட்ரோலையும், எண் 1க்கு இடது பக்கத்து விசையையும் சேர்த்துத் தட்டியிருக்கிறார்கள். திரும்பவும் தட்டினால் பழையபடி வரும்.

திகதியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், இன்னும் மோசமானது. புதுக் கணினியில் பிராந்திய அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் அது மாதத்தை முதலில் வாசிக்கும். தராசுப் பட்டியலில் 05/02 என்று வந்த பெப்ரவரி ஐந்தாம் நாளை அது மே 2 ஆக்கிவிடும். 25/02 வந்தால் இருபத்தைந்தாம் மாதம் இல்லையே, அதனால் அதை எழுத்தாக விட்டுவிடும். ஆக, ஒரே நிரலில் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் பெரும்பாலானவை பிழையான திகதிகளாகவும், பதின்மூன்றிலிருந்து வரும் நாட்கள் எழுத்தாகவும் கிடக்கும். பெப்ரவரி மாதத்துக்குரிய மொத்தத்தை, நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் சார்பிடம் கேட்டால் இரண்டு பக்கத்தாலும் குறைவு வரும். இதை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தப் போகாதீர்கள். எது புரண்டது, எது புரளாதது என்று பிறகு உங்களுக்கே தெரியாமல் போய்விடும். விண்டோஸ் அமைப்பில் பிராந்திய வடிவத்தை இங்கிலாந்து ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், நாள் முதலில் வரும். பிறகு தராசின் மூலப் பட்டியலைப் புதிதாகத் திறந்து எடுங்கள். அதனால்தான் மூலப் பட்டியலை நான் அழிப்பதே இல்லை.

பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காத சூத்திரம்

மொத்தம் =சம்(சி2:சி40) என்று இருக்கிறது. 41ஆம் நிரையில் மொத்தம். அதற்குச் சற்று மேலே ஒரு நிரையைச் செருகிப் புது வண்டியை எழுதினால், எக்செல் சில வேளை எல்லையை நீட்டிக்கொள்ளும், சில வேளை நீட்டாது. நம்பாதீர்கள். மொத்தத்தின் மேல் எஃப்2 தட்டினால் எந்த எல்லையைப் பார்க்கிறது என்று நிறப் பெட்டி காட்டும். நிரந்தரத் தீர்வு, மொத்தத்தை வேறு தாளுக்கு எடுத்துவிட்டு, தரவுக்குள் ஒரு கலத்தில் நின்று கன்ட்ரோல்+டி தட்டி அதை டேபிள் ஆக்குவது. அதன் பிறகு கடைசி நிரைக்கு அடியில் எழுதுவதெல்லாம் தானாகவே உள்ளே சேரும், மற்ற நிரல்களின் சூத்திரமும் கூடவே இறங்கும்.

டொலர் குறியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். விலை எச்1 கலத்தில் இருந்தால், சூத்திரத்தில் அதன் மேல் எஃப்4 தட்டி $எச்$1 ஆக்காவிட்டால் கீழே இழுக்கும்போது எச்2, எச்3 என்று வழுக்கிப் போய்விடும். அது சரி. ஆனால் விலையை ஒரே கலத்தில் வைப்பதில் அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. மாசி நடுவில் கிலோ 110 ரூபாயிலிருந்து 115 ஆகிறது என்று வையுங்கள். எச்1ஐ மாற்றியதும் ஏற்கெனவே காசு கொடுத்து முடித்த பழைய நிரைகளும் 115க்கு மாறிவிடும். சூத்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, பிழை நாம் அமைத்த விதத்தில். ஒவ்வொரு நிரையிலும் அன்றைய விலையை எண்ணாகவே எழுதிவிடுங்கள். விலை நிரல் ஒன்று கூடினாலும் பரவாயில்லை.

ஈரப்பதன் கழிவு வேறு. நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 சதவீதம், எங்கள் ஆலையும் அதையே அடியாக வைத்திருக்கிறது. 1,000 கிலோ 18 சதவீதத்தில் வந்தால் 1000 × (100 − 18) ÷ (100 − 14), அதாவது 1000 × 82 ÷ 86 = 953.49 கிலோ. அந்த 14 போகம் முழுக்க மாறாது, ஆகவே அதை ஒரே கலத்தில் டொலர் போட்டு வைக்கலாம். இதில், விடையைக் கிட்டிய இரண்டு தசமத்துக்கு ஆக்கும் ரவுண்ட் சார்பையும் போட்டுவிடுங்கள். திரையில் இரண்டு தசமம் தெரிந்தாலும் உள்ளே மிச்சத் தசமங்கள் கிடக்கும். துண்டுகளைக் கையால் கூட்டும் விவசாயிக்கும் திரைக்கும் சில சதம் இடிக்கும்.

பெயரை வைத்துத் தேடும் விலுக்அப் பற்றி நம் ஊருக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய விவசாயிப் பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும், புதியவை யூனிகோட்டில். திரையில் இரண்டும் ஒரே பெயர். உள்ளே பாமினி என்பது ஆங்கில எழுத்துகள்தான், தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கும். எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள், பாமினிப் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். பெயரை வைத்துத் தேடுவதையே நான் நிறுத்திவிட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்தேன். அடையாள அட்டை இலக்கத்தை வைப்பவர்கள் இரண்டு தாள்களிலும் அதை டெக்ஸ்ட் வடிவத்தில் வையுங்கள். புதிய 12 இலக்க எண் ஒரு தாளில் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருந்தால் பொருந்தவே பொருந்தாது. விலுக்அப் சூத்திரத்தின் கடைசியில் ஃபால்ஸ் போட மறக்க வேண்டாம். போடாவிட்டால் கிட்டத்தட்ட வரும் இன்னொருவரின் கணக்கை எடுத்துக் கொடுத்துவிடும்.

சூத்திரத்தின் மேல் யாராவது எழுதிவிட்டால்

அவசரத்தில் ஒருவர் தொகைக் கலத்தில் நேரடியாக எண்ணைத் தட்டிவிடுவார். அந்த நேரத்தில் அது சரியான எண்தான். பிறகு கிலோவைத் திருத்தினால் தொகை திருந்தாது. தொகை நிரலைத் தெரிவுசெய்து கன்ட்ரோல்+ஜி, ஸ்பெஷல், கொன்ஸ்டன்ட்ஸ் கொடுங்கள். கையால் எழுதப்பட்ட கலங்கள் மட்டும் தெரிவாகும். மேலிருந்து சரியான சூத்திரத்தை அவற்றுக்குள் இழுத்துவிடுங்கள். பிறகு சூத்திர நிரல்களை மட்டும் பூட்டித் தாளுக்குக் கடவுச்சொல் போட்டால் அடுத்த முறை நடக்காது. ஆனால் பூட்டிய தாளில் டேபிள் தானாக நீளாது. ஆகவே எங்கள் கோப்பில் பதிவுத் தாளைத் திறந்து வைத்து, மொத்தத் தாளை மட்டும் பூட்டியிருக்கிறேன்.

மிச்சச் சில்லறைகள். வடிகட்டிப் பார்க்கும்போது சம் மறைந்த நிரைகளையும் கூட்டும், தெரிவதை மட்டும் கூட்ட சப்டோட்டல் சார்பில் 109. பிவட் அட்டவணை தானாகப் புதுப்பிக்காது, ஆல்ட்+எஃப்5 தட்ட வேண்டும். மொத்தக் கலமே தன் எல்லைக்குள் அகப்பட்டிருந்தால் வட்டச் சுட்டல் என்று எச்சரித்து 0 காட்டும், எல்லையை ஒரு நிரை குறையுங்கள். லிப்ரே ஒபிஸ் பாவிப்பவர்கள் எக்செல் கோப்பைத் திறந்து பழைய விடை நின்றால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்9.

இப்போது என் கோப்பின் மேல் மூலையில் இரண்டு கலங்கள் இருக்கின்றன. ஒன்றில் =நவ்(). அதன் வடிவத்தை விநாடியும் தெரியும்படி வைத்தால், ஏதாவது எண்ணை எழுதியதும் அதில் நேரம் நகர வேண்டும். நகராவிட்டால் கணக்கு நின்றிருக்கிறது, ஒட்டோமெட்டிக்கைப் பார்க்க வேண்டும். மற்றதில் விவசாயி இலக்க நிரலின் கவுண்ட்ஏ விடையிலிருந்து கிலோ நிரலின் கவுண்ட் விடையைக் கழித்திருக்கிறேன். கவுண்ட்ஏ எதையும் எண்ணும், கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும். (தலைப்புக் கலத்தைச் சேர்க்காமல் இரண்டாம் நிரையிலிருந்து தொடங்குங்கள்.) விடை 0 என்றால் எல்லா வண்டிக்கும் உண்மையான எடை இருக்கிறது. 3 என்றால் மூன்று வண்டிகளின் எடை எழுத்தாகவோ வெறுமையாகவோ கிடக்கிறது. இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் துண்டு அச்சடிப்பேன். நேரம் நகரும் கலத்தை முதலில் பாருங்கள், ஏனென்றால் கணக்கு நின்றிருந்தால் மற்றக் கலம் காட்டும் 0ஐயும் நம்ப முடியாது.